ஏணிக்கு இரண்டு ஆதாரம்

கத்தரி என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் எழுதுகிற கூட்டம் அவனுக்கு வைத்த பெயர். அந்தக் கூட்டத்தில் சிலர் பறவைகளைப் பற்றி எழுதுவார்கள், சிலர் ரயில் நிலையங்களைப் பற்றி எழுதுவார்கள். இவன் எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வெட்டுவதோடு சரி. பகலில் பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவில் உட்கார்ந்து, முத்திரை சரியாக விழவில்லை, கையெழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது அவன் உத்தியோகம். காலை ஆறு மணிக்கு எழுந்து, அலுவலகம் கிளம்பும்வரை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். இதில் சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு.

அவன் காவல் காத்தது ஒரே ஒரு பட்டியலை. 'தரவு வரிசையாக்க வடிவங்களின் ஒப்பீடு' என்று அதற்குத் தலைப்பு. பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. ஒரு கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்ததை இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டுமென்றால், அதை ஓர் ஒழுங்கில் மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். வாங்குகிற கம்ப்யூட்டர் அதே ஒழுங்கில் பிரிக்க வேண்டும். அப்படி மூட்டை கட்டும் முறைகள் உலகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கை சும்மா இருக்காத இன்ஜினியர்கள் ஆளுக்கொன்று செய்வார்கள். செய்த கையோடு ஓடிவந்து பட்டியலில் தங்களுடையதையும் ஒரு வரிசையாகச் சேர்ப்பார்கள். கத்தரி வெட்டுவான். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் அதைப் பற்றி நம்பகமான பத்திரிகையிலோ புத்தகத்திலோ எழுதியிருக்க வேண்டும், அப்போதுதான் இடம். விதியை எழுதியவனும் அவன்தான். பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகளை வெட்டியிருந்தான். அந்த எண்ணைத் தன் அறிமுகப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டும் வைத்திருந்தான்.

வெட்டும்போது ஒரு கடுஞ்சொல் வராது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இவ்வடிவத்தின் குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை' என்று எழுதுவான். மூன்று வருடம் ராப்பகலாக உழைத்தேன் ஐயா என்று ஒருவர் கெஞ்சியபோது, 'உழைப்பு ஆதாரமாகாது' என்று பதில் போட்டான். அந்த வாக்கியத்தை அவன் கூட்டாளிகள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"காலங்கார்த்தால யார் வயித்தெரிச்சலயாவது கொட்டிக்கலேன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே" என்பாள் அவன் மனைவி.

"தரத்தைக் காப்பாத்தறேன்" என்பான்.

இவ்வளவு கறாரானவன் ஒரே ஒரு வரிசையை மட்டும் ஆறு வருடமாகக் கண்டும் காணாமல் விட்டிருந்தான். பதினேழாவது வரிசை. பெயர் ஏணி. ஆதாரம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஏணியைச் செய்தது அவனுடைய அக்கா.

அக்கா அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். இவன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். இவன் காலேஜ் படித்ததே அந்த வேலையில்தான். பிறகு லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனிக்கு மாறி, அங்கே இருபத்துமூன்று வருடமாக இருந்தாள். லிஃப்டுக்குள் ஒரு சின்ன பெட்டி இருக்கிறது. எந்த மாடியில் நிற்கிறது, கதவு திறந்ததா, எவ்வளவு பாரம், எங்கே கோளாறு என்பதையெல்லாம் அது கம்பெனிக்கு அனுப்பும். அதற்காக அவள் கட்டிய மூட்டைதான் ஏணி. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மற்ற முறைகளில் மூட்டை முழுதாக வந்து சேர்ந்தால்தான் பிரிக்க முடியும். நடுவழியில் கம்பி அறுந்தால் வந்ததும் வீண். ஏணியில் எதுவரை வந்ததோ அதுவரை படிக்கலாம். இதைச் செய்ததற்காக அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பெருமை பேசியதில்லை. பட்டியலில் அதைச் சேர்த்ததுகூட அவளில்லை, யாரோ ஒரு மெக்கானிக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"உன் பட்டியல்ல ஏணி இன்னும் இருக்குல்லடா?"

"இருக்கு. ஏன்?"

"இருபதாம் தேதி வரைக்கும் அது அங்கேயே இருக்கணும்."

உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "எங்க கம்பெனிய வாங்கினாங்கல்ல, அவங்க ஒரு ஆலோசகர அனுப்பியிருக்காங்க. எல்லா ஊர் லிஃப்டுக்கும் இனிமே ஒரே ஃபார்மட்டாம். எதையெல்லாம் ஓட்டிப் பார்க்கணும்னு அந்த ஆளு ஒரு லிஸ்ட் கொண்டுவந்தாரு. பார்த்தா உன் பட்டியல். அப்படியே பிரிண்ட் போட்டிருக்காரு. அதுல இல்லாதது எதையும் கையால தொடமாட்டேங்கிறாரு. இருபதாம் தேதி மறுபடி ஒரு தடவை பட்டியலைப் பார்த்துட்டு, இருக்கிறத மட்டும் ஓட்டுவாங்களாம்."

"ஓட்டினா உன்னுது ஜெயிக்குமா?"

"ஜெயிக்கும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஓட்டிப் பார்க்கணுமே."

"ஜெயிக்கலேன்னா?"

"என் பிரிவை மூடிடுவாங்க. எனக்கு அம்பத்திமூணு ஆகுது. ஏணிய விட்டா எனக்குன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. இந்த வயசுல எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இவர் என்ன பண்ணணும் அண்ணி?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று அவனுக்கும் தோன்றியது. "பார்த்துக்கலாம்க்கா" என்றான். அக்காவுக்கு அந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு, தம்பி மனைவியோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனாள்.

அவன் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மாதம் அவன் கலைக்களஞ்சியத்தில் நிர்வாகி பதவிக்கு நின்றிருந்தான். நிர்வாகி என்றால் பக்கங்களைப் பூட்டலாம், ஆட்களைத் தடுக்கலாம், எந்தக் கணக்கு எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பதினோரு வருடமாக அதற்குத்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். வேட்பாளரை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பூதக்கண்ணாடி கேட்டார்.

பூதக்கண்ணாடி என்பது ஒரு பழைய நிர்வாகியின் புனைபெயர். ஆணா பெண்ணா, கிழமா இளசா, ஒருவருக்கும் தெரியாது. குற்றம் கண்டுபிடிப்பதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. கேள்வி இரண்டே வரி. 'வரிசை 17, ஏணி. ஆதாரம் பூஜ்யம். இருநூற்றுப் பன்னிரண்டை வெட்டியவர் இதை மட்டும் ஆறு வருடம் விட்டுவைத்ததன் காரணம் என்ன?'

கத்தரியின் முகத்தில் ஈயாடவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஆடிப்போக வேண்டிய அவசியமே இல்லை. இந்த மாதிரி வரிசைகளுக்கென்றே ஒரு சின்ன மஞ்சள் பட்டை உண்டு. 'ஆதாரம் தேவை, ஒரு மாத அவகாசம்' என்று அதில் இருக்கும். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் அதை ஒட்டியிருக்கிறான். ஏணிக்கும் ஒட்டிவிட்டு, 'கவனிக்காமல் விட்டது என் தவறு' என்று எழுதியிருந்தால் இருபதாம் தேதி தானாகக் கடந்திருக்கும். மஞ்சள் பட்டை இருக்கும் பொத்தானில் விரலையும் வைத்தான். வைத்தபிறகு யோசித்தான். ஏணியைச் செய்தவள் யாரென்று நாளைக்குத் தெரிந்தால்? அக்காவுக்காகச் சலுகை காட்டினான் என்று ஒரு வாய் சொன்னால் பதவி போச்சு. மஞ்சள் பட்டை ஒட்டினால் தப்பிக்கலாம், ஆனால் எவனும் கைதட்ட மாட்டான்.

எனவே இப்படி எழுதினான்: 'உண்மையை மறைக்க விரும்பவில்லை. ஏணியை உருவாக்கியவர் என் உடன்பிறந்த அக்கா. பாசம் கண்ணை மறைத்தது. அந்தத் தவறுக்குப் பரிகாரமாக அந்த வரிசையை நானே நீக்கப் பரிந்துரைக்கிறேன். இனி இவ்விவாதத்தில் என் தலையீடு இருக்காது.'

அரை மணி நேரத்தில் பாராட்டு குவிந்தது. 'நேர்மைக்கு இலக்கணம்' என்றார் ஒருவர். 'சொந்த ரத்தம் என்றும் பாராத கத்தரி' என்றார் இன்னொருவர். பூதக்கண்ணாடியே ஒற்றை வரியில் 'திருப்தி' என்று எழுதினார். கத்தரிக்குக் கண் கலங்கியது. அக்காவை நினைத்து என்று சொன்னால் அது பொய். தன்னை நினைத்துத்தான் கலங்கியது, அவ்வளவு நல்லவனாகத் தெரிந்தான் தன் கண்ணுக்கே.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா அவன் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். நகல் பிரிவுக்கு வெளியே, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உட்காரும் நீள பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் போடவில்லை.

"ஆதாரம்னா என்னடா? புரியற மாதிரி சொல்லு."

"உனக்குச் சம்பந்தமில்லாதவங்க யாராவது எழுதியிருக்கணும்க்கா. பத்திரிகைல, புஸ்தகத்துல."

"எங்க கையேட்டுல இருக்கு. நானூறு பக்கம்."

"அது உங்க கம்பெனி போட்டது."

"எட்டாயிரம் லிஃப்ட்ல ஓடுது. ஏறிப் பார்த்தா தெரியும்."

"லிஃப்ட் ஆதாரமில்லக்கா."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு மாச அவகாசம்னு ஒண்ணு இருக்காமே. நேத்து முழுக்க உன் விதியெல்லாம் படிச்சேன். எல்லாருக்கும் ஒட்டறியே, எனக்கு ஏன் ஒட்டல?"

"ஒட்டினா பாரபட்சம்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

அவனுக்கு அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது. ஷர்ட் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சரி, அங்க வந்து யாரெல்லாம் பேசலாம்?"

"யார் வேணும்னாலும் பேசலாம்" என்றான்.

சொன்னது உண்மை. சொல்லாமல் விட்டதில்தான் விஷமே இருந்தது. நீக்கல் விவாதத்தில் தலையை எண்ணுவதில்லை. ஒரே இடத்திலிருந்து புதுப்புதுக் கணக்குகள் வந்து ஒரே குரலில் பேசினால், அதற்குக் கைப்பாவைகள் என்று பெயர். ஒரே ஆள் பல பொம்மைகளை ஆட்டுகிறான் என்று முடிவுகட்டி, விவாதத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். வக்காலத்து வாங்க ஆள் கூட்டி வந்து கெட்டுப்போனவர்களை அவன் டஜன் கணக்கில் பார்த்திருக்கிறான். 'உன் ஆளுங்க யாரும் வரவேண்டாம்க்கா' என்ற ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. இந்த விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று ஊரறிய எழுதிக் கொடுத்திருந்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. விதி வாயைக் கட்டிவிட்டது என்று நினைத்தான், கட்டியதில் அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வியாழக்கிழமை மெக்கானிக்குகள் வந்தார்கள். பதினான்கு பேர். கம்பெனி ஷெட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்று, ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, மனதில் இருந்ததை எழுதினார்கள். கத்தரி அதை அலுவலக மேசையில் போனில் படித்தான்.

'நான் லிஃப்ட் மெக்கானிக். மழை பெய்தால் லைன் பாதியில் போய்விடும். மற்றதெல்லாம் முழுசா வந்தால்தான் பிரியும். ஏணி வந்த வரைக்கும் பிரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்' என்று ஒருவர்.

'ஆஸ்பத்திரி லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றபோது எந்தக் கதவைத் திறக்கலாம் என்று சொன்னது இதுதான். உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஆள் இருந்தது' என்று ஒருவர்.

'மேடம் இதைச் செய்து எங்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். படிக்காதவனுக்கும் புரியும்' என்று ஒருவர்.

'எனக்கு டைப் அடிக்க வராது. பக்கத்தில் இருப்பவர்தான் அடிக்கிறார். ஆனால் சொல்வது நான்' என்று பெரிய மெக்கானிக், முப்பது வருட சர்வீஸ்.

ஒரு மணி நேரத்துக்குள் பூதக்கண்ணாடி வேலையைத் தொடங்கினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் காரணம். சொந்த அனுபவம், ஏற்க இயலாது. சரிபார்க்க இயலாது. புதுக் கணக்கு. புதுக் கணக்கு. ஒரே கட்டடம். பெரிய மெக்கானிக் எழுதியதன் மேல் கோடு போட்டு, 'பக்கத்தில் இருப்பவர் அடிக்கிறார் என்று இவரே ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதி ஒரு சிரிப்புப் படம் வைத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லிஃப்ட்காரர்கள் மேலே ஏறப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெரிய அறிவாளி ஜோக்கடித்தார், அதற்கு ஒன்பது பேர் கைதட்டினார்கள். இதே பட்டியலில் இருபத்திரண்டாவது வரிசையில் கொட்டாவி என்றொரு வடிவம் இருந்தது. இரண்டு பேர் விளையாட்டுக்குச் செய்தது, உலகத்தில் ஒரு மெஷினிலும் ஓடவில்லை. இரண்டு பத்திரிகைகள் அதைப் பற்றிச் சிரித்து எழுதியிருந்ததால் எல்லாக் கட்டமும் நிரம்பி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஏழு நாள் நடக்க வேண்டிய விவாதத்தை நான்காம் நாளே மூடினார்கள். ஏணி நீக்கப்பட்டது. 'ஆள் திரட்டல் நடந்த இடம்' என்று அக்காவின் கம்பெனி பெயரையும் பூதக்கண்ணாடி அந்தப் பக்கத்தில் பதிந்துவைத்தார்.

"நீங்க முன்னாடியே அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"சொந்தக்காரங்க விஷயத்துல நான் பேசக்கூடாதும்மா. நலமுரண்."

"அது என்ன எழவோ. அக்காகிட்ட தம்பி பேசறதுக்குக்கூடவா உங்க சங்கத்துல தடை?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஒரு காபி குடித்து முடிக்கும்வரை. பிறகு தேர்தல் முடிவு வந்தது. அறுபத்தொன்றுக்கு நான்கு. நிர்வாகியாகிவிட்டான்.

ஆலோசகர் இருபதாம் தேதிக்குக் காத்திருக்கவில்லை. பட்டியலைப் பார்க்கப் போனவர் நீக்கல் விவாதத்தையும் படித்துவிட்டு அதை அச்சடித்து மேலே அனுப்பினார். பத்தொன்பதாம் தேதி அக்காவின் பிரிவை மூடுவதாகக் கடிதம் வந்தது. அதோடு விட்டார்களா? கம்பெனி கம்ப்யூட்டரை வைத்துக் கம்பெனி பெயரைச் சந்தி சிரிக்க வைத்ததற்காகப் பதினான்கு மெக்கானிக்குகளையும் ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"இப்ப நீ நிர்வாகியாமே."

"ஆமாக்கா."

"கணக்கெல்லாம் யாருதுன்னு உனக்குத் தெரியுமாமே. பார்த்தியா?"

"பார்த்தேன். பதினாலும் ஒரே மெஷின்."

"அப்ப பதினாலும் நான்தான்னு எழுதிக் குடு."

அவனுக்குப் புரியவில்லை. அக்கா நிதானமாக, சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுப்பாளே அந்த மாதிரி சொன்னாள். "விசாரணைல நான் சொல்லிட்டேன், அவங்க யாரும் எழுதல, அவங்க பேர்ல நானே உக்காந்து அடிச்சேன்னு. ஆதாரம் கேக்கறாங்க. உங்க பக்கத்துல அப்படி ஒரு முடிவு எழுதியிருந்தா விட்டுடுவாங்க. என் வேலை போயாச்சு. அவங்களுக்கெல்லாம் குழந்தை குட்டி இருக்கு."

"அது பொய்க்கா."

மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பில்லை அது. "இப்பத்தான் இவருக்குப் பொய் எது மெய் எதுன்னு கவலை வந்திருக்கு அண்ணி."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. "விதிப்படி எழுத முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு."

யோசித்தான். ஒரே மெஷின், ஒரே மணி நேரம், ஒரே மாதிரி எழுத்து நடை. அப்படியிருந்தால் ஒரே நபராகக் கருதலாம் என்று விதி இருந்தது. கருதலாம் என்றுதானே சொல்கிறது, அதில் பொய் எங்கே வந்தது? அவன் முகம் தெளிந்தது. "முடியும்க்கா. நான் கையெழுத்துப் போட முடியாது, பூதக்கண்ணாடிகிட்ட ஆதாரத்தைக் குடுத்தா அவர் போட்டுடுவாரு. ஆனா உன் முழுப்பேரும் வரும். மோசடின்னு வரும். எல்லாரும் பார்ப்பாங்க."

"வரட்டும்."

அவன் அன்றே தயாரித்துக் கொடுத்தான். நல்ல அறிக்கை. நேரம், மெஷின் எண், எழுத்துப் பிழைகளின் ஒற்றுமை, எல்லாம் அட்டவணை போட்டு ஒழுங்காக இருந்தது. பூதக்கண்ணாடி பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டு முத்திரை குத்தினார். அக்காவுக்கு உபகாரம் செய்துவிட்டோம் என்று கத்தரி அன்று நன்றாகத் தூங்கினான்.

மெக்கானிக்குகளுக்குக் கொடுத்த கடிதங்களைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. அக்காவின் கடிதத்தையும் திரும்ப வாங்கி, வேறொன்று கொடுத்தது. பிரிவு மூடப்பட்டதால் விடுவிக்கப்படுகிறார் என்று இருந்ததை மோசடிக்காக நீக்கப்படுகிறார் என்று மாற்றியிருந்தார்கள். இருபத்துமூன்று வருட அனுபவச் சான்றிதழ் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். பெரிய மெக்கானிக் ஷெட்டில் நின்று அழுதாராம். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினவரை அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் மாத இதழ் கடைசிப் பக்கத்தில் வேடிக்கைச் செய்தி போட்டது. தன் கண்டுபிடிப்பைக் கலைக்களஞ்சியத்தில் நுழைக்கப் பதினான்கு மெக்கானிக்குகளாக வேஷம் போட்ட பெண் இன்ஜினியர். அதைப் பார்த்து ஒரு நாளிதழ் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் எழுதியது, அக்காவின் பெயரோடு, பழைய கம்பெனி அடையாள அட்டைப் படத்தோடு.

அதற்கு அடுத்த புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கத்தரி பட்டியலைத் திறந்தபோது பதினேழாவது வரிசையில் ஏணி இருந்தது. பூதக்கண்ணாடி சேர்த்திருந்தார். ஆதாரம் என்ற கட்டத்தில் ஒன்று, இரண்டு என்று அழகாக எண் போட்டு, கீழே அந்த இரண்டு பத்திரிகைகள். வேகம், அளவு, பிழை தாங்கும் திறன், எங்கே பயன்படுகிறது என்ற கட்டங்களெல்லாம் காலி, பத்திரிகைகள் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தது: 'இதன் உருவாக்குநர் இதைச் சேர்ப்பதற்காகப் பதினான்கு போலிக் கணக்குகளை நடத்தி அம்பலப்பட்டவர்.'

உடனே வெட்டினான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. 'தங்கள் அக்கா என்று தாங்களே அறிவித்திருக்கிறீர்கள். இவ்வரிசையைத் தாங்கள் தொடலாகாது.'

'குறிப்பு உண்மையில்லை' என்று எழுதினான்.

'ஆதாரம்?'

அறிக்கை தயாரித்தது தான்தான் என்பது ஞாபகம் வந்தது. அதைப் பொய்யென்று சொன்னால் பதினான்கு பேருக்கும் மறுபடி கடிதம் போகும். வேறு வழி தெரியாமல், 'எனக்கு நேரில் தெரியும்' என்று எழுதினான்.

'சொந்த அனுபவம், ஏற்க இயலாது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

அன்று அவன் அலுவலகம் போகவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. அக்கா மேசையில் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்துவைத்திருந்தாள். அவன் அழுதான். மன்னிச்சிடுக்கா என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அவள் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"எட்டாயிரம் லிஃப்ட்னு போடலையே" என்றாள் திரையைப் பார்த்தபடி.

"அதை யாரும் எழுதலக்கா."

"நேத்து ஒரு இன்டர்வியூக்குப் போயிருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை பேப்பர மேசைல வச்சிருந்தாங்க. பதினாலு பேரா எப்படிம்மா நடிச்சீங்க, கொஞ்சம் பேசிக் காட்டுங்கன்னாங்க. சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்." திரையைக் காட்டிக் கேட்டாள். "இதை எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க?"

பதினோரு வருடப் பழக்கம். நகல் பிரிவு ஜன்னலில் பேசுகிற குரல் அவன் நினைப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இனிமே யாராலயும் வெட்ட முடியாதுக்கா. ரெண்டு ஆதாரமும் வலுவா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாசல் கதவை அவன் வெளியே போவதற்கு வசதியாக இன்னும் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.